தொப்பிக்குள் புகுந்த சிலந்தி

தேங்காய் வெட்டு முடிந்து காயைக் களத்தில் குவித்திருக்கிறீர்கள். வியாபாரி வருகிறார். குவியலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார். "நல்ல காய் ஒரு பக்கம், சின்னக் காய் ஒரு பக்கம் பிரிச்சுப் போடுங்க" என்கிறார். ஒதுக்கிப் போட்ட அந்தச் சின்னக் காயில் ஒன்றை எடுத்துப் பாருங்க. காம்புப் பக்கத்திலிருந்து பழுப்பு நிறத்தில் வடு இறங்கியிருக்கும். தோல் சொரசொரத்து, நீள நீளமாய் வெடித்திருக்கும். உரிக்கப் போனால் மட்டை லேசில் விடாது. உரிக்கிற ஆள் கூலி கூடக் கேட்பார். உள்ளே காயும் சிறுத்து, பருப்பும் மெலிந்திருக்கும். நாரும் கட்டையாய்ப் போயிருக்கும்.

உரம் பத்தவில்லையோ, தண்ணீர் பத்தவில்லையோ என்று நீங்கள் நினைக்கலாம். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இந்த வடுவைப் போட்டது ஒரு சிலந்தி. கண்ணுக்குத் தெரியாத சிலந்தி. அது எங்கே பிறந்தது, எந்த வழியில் நம்ம தோப்புக்கு வந்தது, வந்தபோது நாம் என்ன செய்தோம், அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். பழைய கதை எதற்கு என்று கேட்காதீங்க. இந்தக் கதை தெரிந்தால், வீணாகும் மருந்துச் செலவு மிச்சம்.

சிலந்தி என்றால் எந்தச் சிலந்தி?

வீட்டு மூலையில் வலை கட்டுகிற சிலந்தியை நினைக்க வேண்டாம். அதற்கு இது தூரத்துச் சொந்தம். பூச்சிக்கு ஆறு கால் உண்டு. சிலந்தி வகைக்குப் பொதுவாக எட்டுக் கால். தென்னையைத் தாக்குகிற இந்த ஈரியோபைட் சிலந்திக்கோ நாலே நாலு கால்தான், அதுவும் தலைப் பக்கத்தில் மட்டும். உடம்பு வெள்ளையாய், புழு மாதிரி நீண்டிருக்கும். நீளம் கால் மில்லிமீட்டருக்கு மேல் போகாது. நாலைந்து சிலந்தியை வால் பிடித்து வரிசையாய் நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். வெறுங்கண்ணுக்கு எப்படித் தெரியும்?

அது குடியிருக்கிற இடமும் அப்படிப்பட்டது. குரும்பையின் காம்பை ஒட்டி, தொப்பி கவிழ்த்த மாதிரி சில இதழ்கள் காயை மூடியிருக்கும் அல்லவா? அந்தத் தொப்பிக்கு அடியில்தான் காயின் இளந்தசை இருக்கிறது. காய் வளர்வதே அந்த இடத்திலிருந்துதான். சிலந்தி தொப்பிக்கும் காய்க்கும் நடுவே இருக்கிற இடுக்கில் புகுந்து, அந்த இளந்தசையில் சாறு உறிஞ்சுகிறது. முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துப் பெரிதாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஒரே காயில் ஆயிரக்கணக்கில் பெருகிவிடும். மழை அதை அடித்துக்கொண்டு போகாது. வெயில் சுடாது. மருந்துத் துளியும் எளிதில் எட்டாது.

மரம் இங்கிருந்து போனது, சிலந்தி அங்கிருந்து வந்தது

தென்னை நம் கிழக்குப் பக்கத்து மரம். இந்துமாக் கடலோரமும் பசிபிக் கடல் தீவுகளும்தான் அதற்குத் தாய்வீடு. ஐரோப்பியர் கப்பலேறி உலகம் சுற்ற ஆரம்பித்த பிறகு, 16-ம் நூற்றாண்டில், அவர்களுடைய கப்பல்களோடு தென்னை அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்கக் கண்டத்தின் கிழக்குக் கரையிலும் கரீபியன் தீவுகளிலும் காலூன்றியது. போன இடத்தில் நன்றாகவே காய்த்தது.

அந்தக் கண்டத்தில் ஏற்கெனவே வேறு பனை வகை மரங்கள் உண்டு. அவற்றில் வாழ்ந்திருந்த ஒரு சிலந்தி புதிதாக வந்த தென்னைக்குத் தாவியிருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். 1965-ல்தான் இந்தச் சிலந்திக்குப் பெயர் கிடைத்தது. மெக்சிகோ நாட்டில் குரேரோ என்று ஒரு மாநிலம். அங்கிருந்து வந்த காய்களில் இருந்த சிலந்தியை, கலிபோர்னியா வேளாண்மைத் துறையில் பணியாற்றிய கீஃபர் என்ற நிபுணர் ஆராய்ந்து, இது புது இனம் என்று எழுதி வைத்தார். குரேரோவின் பெயரையே சேர்த்து 'அசேரியா குரேரோனிஸ்' என்று பெயரிட்டார். அதே 1965-ல் தென் அமெரிக்காவில் பிரேசில் நாட்டிலும் இதைக் கண்டார்கள்.

பிறகு அது கடல் தாண்டியது. 1960-களின் பிற்பகுதியில் மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் முதலான நாடுகளில் தென்பட்டது. 1980 வாக்கில் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் தான்சானியாவுக்கும் வந்துவிட்டது. போன இடத்தில் எல்லாம் கொப்பரை குறைந்தது. நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. நூற்றுக்குப் பத்து நஷ்டம் என்று கணக்கிட்ட இடமும் உண்டு, முப்பது என்று கணக்கிட்ட இடமும் உண்டு.

ஆனால் தென்னையின் தாய்வீடான நம்ம பக்கத்தில் மட்டும் இது இல்லை. ஆசியாவில் முதன்முதலாக 1997-ம் வருஷக் கடைசியில், இலங்கையில் புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிப் பகுதியில் கண்டார்கள். அடுத்த வருஷம், 1998-ல், கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் ஆம்பல்லூர்ப் பஞ்சாயத்தில் தெரிந்தது. அதே காலத்தில் தமிழ்நாட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. கேரள எல்லையை ஒட்டிய பொள்ளாச்சிப் பக்கம் தோப்போடு தோப்பு சேர்ந்து கிடக்கிறது. வேலியும் சோதனைச் சாவடியும் மனுஷனுக்குத்தான். சிலந்தியைக் காற்றே சுமந்துகொண்டு போகும்.

பின்னால் 2005-ல் ஒரு ஆராய்ச்சி வெளியாயிற்று. பல தேசத்துச் சிலந்திகளின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நாம் சம்பந்தம் பேசும்போது வம்சாவளி விசாரிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்க. அமெரிக்கக் கண்டத்துச் சிலந்திகள் ஒன்றுக்கொன்று பலவிதமாய் இருந்தன. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இருந்தவையோ ஏறக்குறைய ஒரே சாயல். அப்படியென்றால் என்ன அர்த்தம்? வேர் அங்கே, இங்கே வந்தது ஒன்றிரண்டு கிளை மட்டும். நம்ம மரம் அங்கே போயிற்று, நானூறு வருஷம் கழித்து அந்த ஊர்ச் சிலந்தி இங்கே வந்தது.

வந்தபோது நாம் செய்தது

1998-க்குப் பிறகு வந்த இரண்டு மூன்று வருஷங்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குரும்பை கொட்டியது. நின்ற காயும் வடுப்பட்டுச் சிறுத்தது. "தென்னைக்குப் புதுசா ஒரு நோய் வந்திருக்காம்" என்று ஊரெல்லாம் பேச்சு. பயத்தில் கையில் கிடைத்த மருந்தை எடுத்தோம்.

தென்னை உயரமான மரம். ஏறி மருந்தடிக்க ஆள் கிடைப்பது கஷ்டம். அதனால் வேர் வழியாக மருந்து கட்டுவது பெரிதாகப் பரவிற்று. பென்சில் கனத்தில் இளவேர் ஒன்றைத் தோண்டி எடுத்து, நுனியைச் சாய்வாக வெட்டி, மானோகுரோட்டோபாஸ் மருந்தும் தண்ணீரும் கலந்த பாலிதீன் பைக்குள் விட்டுக் கட்டிவிடுவார்கள். மரம் மருந்தை உறிஞ்சி மேலே ஏற்றும். சிலந்தியும் கொஞ்சம் சாகும். ஆனால் அதே மருந்து இளநீருக்கும் போகும் அல்லவா? கட்டும் முன்பே முற்றிய காயை வெட்டிவிட வேண்டும், கட்டிய பிறகு 45 நாள் காய் பறிக்கக் கூடாது என்று விதி சொன்னார்கள். ஒன்றைக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீங்க. 45 நாள் தோப்புப் பக்கம் பிள்ளைகள் இளநீர் கேட்கவில்லையா? விருந்தாளி வரவில்லையா? நாள் கணக்கு எல்லோராலும் வைத்துக்கொள்ள முடிந்ததா?

அவ்வளவு செய்தும் சிலந்தி ஒழியவில்லை. ஏன்? கொஞ்சம் யோசித்தால் விளங்கும். தென்னை வருஷத்தில் சுமார் பன்னிரண்டு பாளை விடுகிறது. மாசம் ஒரு புதுக் குலை. ஆக, சிலந்திக்கு எப்போதும் ஒரு புது வீடு தயார். ஒரு குலையில் நாம் கொன்றால் அடுத்த குலைக்குப் பக்கத்து மரத்திலிருந்து காற்றில் வந்து சேரும். மருந்து தீர்ந்ததும் அது மறுபடி முளைக்கும். நம் கைக்காசு முளைக்காது.

ஆப்பிள் தோட்டம் சொன்ன பாடம்

மருந்து ஒன்றே வழி என்று போனவர்கள் நமக்கு முன்னாலும் உண்டு. 1940-களில் டி.டி.டி. வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆப்பிள் தோட்டங்களில் புழுவைக் கொல்ல அதை அடித்தார்கள். புழு செத்தது. ஆனால் அதுவரை ஒரு மூலையில் கிடந்த செஞ்சிலந்தி, மருந்தடித்த தோட்டங்களில் இலையெல்லாம் வெளுக்கும்படி பெருகிற்று. கனடாவில் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் பிக்கெட் என்ற பூச்சியியல் நிபுணர் இதை வருஷக் கணக்கில் கவனித்தார். காரணம் இதுதான்: செஞ்சிலந்தியைத் தின்று வாழ்கிற வேறு சிலந்திகளும் பூச்சிகளும் தோட்டத்தில் இருந்தன. மருந்து அந்தக் காவல்காரர்களைக் கொன்றது. செஞ்சிலந்தியோ மருந்துக்குத் தப்பிப் பிழைத்தது. காவலில்லாத வீட்டில் கள்ளனுக்கு என்ன பயம்?

நம்ம தென்னையிலும் அப்படிக் காவல்காரர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். அதே தொப்பிக்குள் நியோசெயூலஸ் என்ற குலத்தைச் சேர்ந்த இரைபிடிச் சிலந்திகள் வாழ்கின்றன. தட்டையான நீண்ட உடம்பு. எட்டுக் கால். ஈரியோபைட் சிலந்தியைவிடப் பெரியது, சுறுசுறுப்பாய் ஓடும். இடுக்கில் நுழைந்து ஈரியோபைட் சிலந்தியைப் பிடித்துத் தின்னும். ஒரே ஒரு குறை உண்டு. ஈரியோபைட் சிலந்தி மெலிந்தது, அதனால் சின்ன இடுக்கிலும் முதலில் நுழைந்துவிடும். காவல்காரன் பருமன், இடுக்கு கொஞ்சம் அகன்ற பிறகுதான் நுழைய முடியும். ஆகையால் கொஞ்சம் வடு விழத்தான் செய்யும். ஆனால் காவல்காரன் உள்ளே போய்விட்டால் பெருக்கம் அடங்கும்.

இலங்கையில் லுணுவிலையில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிலையத்தார் இந்த இரைபிடிச் சிலந்தியைச் சோதனைச்சாலையில் பெருக்கி, தோப்புகளில் கொண்டுபோய் விட்டார்கள். நம் நாட்டில் ஹிர்சுடெல்லா என்ற பூஞ்சாணத்தையும் ஆராய்ந்தார்கள். அது சிலந்தியின் உடம்பில் வளர்ந்து அதைக் கொல்லுகிறது. முதல் வருஷங்களில் இருந்த கடுமை பிறகு பல பகுதிகளில் தணிந்ததற்கு இயற்கையின் இந்தக் காவலும் ஒரு காரணம்.

மருந்துகளின் கதையும் மாறிவிட்டது. மானோகுரோட்டோபாஸைக் காய்கறியில் அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்தது. 2023-ல் மத்திய அரசு இட்ட உத்தரவில் அதன் 36 சதவிகித மருந்தும், ஒரு காலத்தில் சிலந்திக்கென்றே விற்ற டைகோபாலும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. பழைய கையேட்டில் இந்தப் பெயர்கள் இருக்கும். அதைப் பார்த்துக் கடையில் கேட்டு நிற்காதீங்க.

அடையாளம் காண்பது எப்படி?

முற்றிய காயில் இருக்கிற வடு பழைய தழும்பு. சிலந்தி அங்கே வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும். அந்தக் காயைப் பார்த்து மருந்தடிப்பது, அம்மை ஆறிய முகத்துக்கு அம்மை மருந்து போடுகிற மாதிரி. மூன்று முதல் ஐந்து மாதக் காயில்தான் சிலந்தி மிகுதியாய் இருக்கும். அந்த வயசுக் குலையைப் பாருங்க.

தொப்பியின் விளிம்புக்குக் கீழே முக்கோண வடிவில் வெளிர்மஞ்சள் கறை தெரிகிறதா? அதுதான் முதல் அடையாளம். கறை பிறகு பழுப்பாகும், காய் பெருக்கப் பெருக்க வெடிக்கும், சில காயில் பிசின் வடியும். சந்தேகம் இருந்தால் ஒரு காயைப் பறித்து, கத்தி நுனியால் தொப்பியை ஒவ்வோர் இதழாக நெம்பி எடுங்க. அடியிலுள்ள வெண்ணிறப் பகுதியைப் பூதக்கண்ணாடி வைத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்க. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி போதும். மாவு தூவிய மாதிரி வெள்ளையாய் நெளிந்தால் அது ஈரியோபைட். அதற்கு நடுவே பெரிதாய் ஒன்று விரைந்து ஓடினால் அநேகமாக அதுதான் நம்ம காவல்காரன். அதைக் கண்டால் மருந்து டப்பாவைக் கீழே வையுங்க.

இன்னொன்று. குரும்பை கொட்டினாலே சிலந்தி என்று முடிவு கட்ட வேண்டாம். விட்ட குரும்பை அத்தனையையும் எந்தத் தென்னையும் காயாக்குவதில்லை. தொப்பிக்கடியில் கறை இல்லாமல் கொட்டினால் காரணம் வேறு.

என்ன செய்யலாம்?

முதலில் மரத்துக்குத் தீனி. திடமான மரம் சிலந்தியைத் தாங்கி நிற்கும். நம் வேளாண்மைப் பல்கலைக்கழகம் காய்க்கிற மரம் ஒன்றுக்கு வருஷத்துக்குச் சொல்லியிருக்கிற கணக்கு இது: தொழு உரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, மூரியேட் ஆப் பொட்டாஷ் 3.5 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 5 கிலோ. இவற்றோடு ஜிப்சம் 1 கிலோ, மக்னீசியம் சல்பேட் அரைக் கிலோ, போராக்ஸ் 50 கிராம். பொட்டாஷ் வழக்கத்தைவிடக் கூட இருக்கிறதே என்று பார்க்கிறீர்களா? சிலந்தியைத் தாங்கும் சக்தி வரட்டும் என்றுதான் கூட்டியிருக்கிறார்கள். ரசாயன உரத்தை இரண்டாகப் பிரித்து, ஈரமிருக்கும்போது வட்டப்பாத்தியில் வையுங்க. மண் பரிசோதனை செய்துகொண்டால் இன்னும் நல்லது. கோடையில் தண்ணீர் தட்டாமல் பார்த்துக்கொள்ளணும். பாத்தியில் சணப்பையோ தட்டைப்பயறோ விதைத்து மடக்கி உழலாம்.

இரண்டாவது சுத்தம். கொட்டிக் கிடக்கிற குரும்பையைப் பொறுக்கி எரித்துவிடுங்க. அதிலிருக்கிற சிலந்திக்குக் காற்று வண்டி கிடைக்கக் கூடாது.

மூன்றாவது, தேவைப்பட்டால் மட்டும், வேப்பெண்ணெய் பூண்டுக் கரைசல். பத்து லிட்டருக்கு வேப்பெண்ணெய் 200 மில்லி, பூண்டு 200 கிராம், துணி சோப்பு 50 கிராம். சோப்பைச் சீவி அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்க. பூண்டை அரைத்து 300 மில்லி தண்ணீர் விட்டு வடிகட்டுங்க. வேப்பெண்ணெயில் சோப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாய் ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருந்தால் பால் மாதிரி திரளும். பிறகு பூண்டுச் சாறு, அதன் பிறகு 9 லிட்டர் தண்ணீர். கலக்கிய அன்றே அடித்துவிட வேண்டும். உச்சி வெயிலில் வேண்டாம். இளங்குலைகளில் தொப்பி நனையும்படி படவேண்டும். மரத்துக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் ஆகும். டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் ஒன்று, ஏப்ரல் முதல் ஜூனுக்குள் ஒன்று, செப்டம்பர் அக்டோபரில் ஒன்று என வருஷத்துக்கு மூன்று முறை சொல்லுகிறார்கள்.

நாலாவது, புதுக்கன்று நடுகிறவர்களுக்கு. உருண்டையான, கரும்பச்சைக் காய் காய்க்கிற மரத்தில் சேதம் குறைவு என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். தொப்பி காயோடு இறுக்கமாய் ஒட்டியிருந்தால் நுழைய இடமில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் நெட்டைப் பச்சையிலிருந்து காசர்கோட்டு மத்திய ஆராய்ச்சி நிலையத்தார் தேர்ந்தெடுத்த கல்பஹரிதா ரகத்தில் சிலந்திச் சேதம் குறைவு. விதைக்காய் எடுக்கிற தாய்மரத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்க. உங்கள் தோப்பிலேயே வடு குறைந்த மரம் ஒன்றிரண்டு நிற்கும்.

மரத்தடியில் இருக்கிற தோட்டம்

தென்னைக்குப் பக்கத்திலேயே மிளகாயும் கத்திரியும் வெண்டையும் போட்டிருப்பீர்கள். அங்கேயும் சிலந்தி உண்டு, இனம்தான் வேறு. மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்து சுருண்டால் மஞ்சள் சிலந்தி. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. பார்க்காமல் அடித்தால் காசு தண்டம். கத்திரி, வெண்டை இலையில் ஊசி குத்திய மாதிரி வெளுத்த புள்ளிகளும், இலையடியில் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் செஞ்சிலந்தி. ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து இலையைத் தட்டுங்க. விழுந்த தூசி நடந்தால் அது தூசி இல்லை. ஆப்பிள் தோட்டத்துப் பாடம் இங்கேயும் பொருந்தும். காய்ப்புழுவுக்கென்று கடுமையான மருந்தை அடிக்கடி அடித்த வயலில் செஞ்சிலந்தி பெருகுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

விவசாயப் பெருமக்களே, இந்தச் சிலந்தி வந்துவிட்டது. இனி அடியோடு போகாது. அதனோடு குடித்தனம் நடத்தத்தான் வேண்டும். குலைகளில் பாதிக் காயில் லேசான வடு இருந்தாலும் மரம் திடமாய் இருந்தால் மகசூல் நிற்கும். வடுவே இல்லாத காய் வேண்டும் என்று விஷத்தைக் கொட்டினால், மரத்துக்குக் காவலும் போகும், வீட்டுக்கு இளநீரும் போகும். அடுத்த வெட்டுக்கு ஆள் ஏறும்போது நாலு மாதக் காய் ஒன்றையும் பறித்துப் போடச் சொல்லுங்க. தொப்பியை நெம்பிப் பாருங்க. பார்த்த பிறகு முடிவு செய்யுங்க.